அடுக்குமாடியில் இருந்துகொண்டு கதைப்படம் வரைய முடியுமா?

2024 ஏப்ரல் 3 – தெஹிவளை வாசகர்

சிறுவர் நூல்களுக்குப் படம் வரைய விரும்புகிறேன். கடந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ஒரு படமும் முடிவுக்கு வரவில்லை. நான்காம் மாடியில் வாழ்கிறேன்; ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கிதான் தெரிகிறது. வயலும் குளமும் பனங்கூடலும் பார்த்து வளர்ந்தவர்களுக்கே கற்பனை ஊறும் என்பது என் எண்ணம். கொழும்பில் இருந்து வரைபவர்கள் எல்லோரும் இணையத்தில் பிறர் வரைந்ததைப் பார்த்துத்தான் வரைகிறார்கள். இல்லை என்பவர்கள் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

ஏப்ரல் 4 – கருமைக்கோடு

இல்லை என்பவர்களில் நானும் ஒருத்தி. வெள்ளவத்தையில், கடற்பக்கத்து ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் இருந்து வரைகிறேன்.

கூலிக்குப் படம் வரைபவரிடம் முதலில் வந்து சேர்வது எழுத்தாளரின் பிரதிதான். இப்போது என் மேசையில் இருப்பது 24 பக்கச் சிறுவர் கதை ஒன்று. இன்னும் வெளிவராததால் பெயரைச் சொல்லவில்லை. ஒரு சிறுவன் தன் அம்மம்மாவுடன் கோயிலுக்குப் போகிறான், திரும்பும்போது அம்மம்மாவின் செருப்பைக் காணவில்லை, இருவரும் தேடுகிறார்கள், மதிலில் ஒரு காகம் இருந்து பார்க்கிறது. எழுத்தாளர் தந்தது இவ்வளவே. எந்தக் கோயில், என்ன நேரம், என்ன செருப்பு, அம்மம்மாவுக்கு முழங்கால் வலி உண்டா, சிறுவன் அவருடைய கையைப் பிடிப்பானா அல்லது சேலைத் தலைப்பைப் பிடிப்பானா என்பவை பிரதியில் இல்லை. எழுதப்பட்டதை அப்படியே மறுபடி வரைந்தால் குழந்தைக்கு ஒரே செய்தி இரண்டு தடவை கிடைக்கும். ஆகவே எழுத்தாளர் சொல்லாமல் விட்டவற்றை ஒரு கொப்பியில் கேள்விகளாக எழுதிக்கொள்கிறேன். பிறகு அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடித் தெருவில் இறங்குகிறேன். நீங்கள் கேட்கும் ஊற்று என்னைப் பொறுத்தவரை அந்தக் கேள்விப் பட்டியல்தான்.

தண்ணீர்த் தாங்கியைப் பற்றி: எந்தக் கேள்வியும் இல்லாமல் பார்த்தால் வயலும் அப்படித்தான் சும்மா இருக்கும்.

ஏப்ரல் 4, இரவு – கருமைக்கோடு

காகத்தை உதாரணமாகச் சொல்கிறேன். வடை சுட்ட பாட்டியின் கதையைக் கேட்டு வளர்ந்த நாம் எல்லோரும் காகத்தை முழுக் கறுப்பாகவே வரைகிறோம். எங்கள் பாடப் புத்தகங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. கொழும்பில் மின்கம்பியில் வரிசையாக இருக்கும் வீட்டுக் காகத்தின் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமானவை. இலங்கையில் வாழும் வகைக்கு இந்தச் சாம்பல் இந்தியக் காகத்துக்கு உள்ளதைவிடச் சற்றுக் கருமை கூடியது. அதனால் தூரத்தில் கறுப்பாகவே தெரியும், அருகில் வந்தால் மட்டும் ஒரு துண்டைப் போர்த்தியதுபோல இருக்கும். முழுக் கறுப்பாகவும் தடித்த அலகோடும் இருப்பது அண்டங்காக்கை. அது வேறு பறவை.

இது பறவையியல் திருத்தம் மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். கழுத்துச் சாம்பல் தெரிந்த பிறகு காகத்தின் தலை உடலிலிருந்து பிரிந்து தெரிகிறது. தலை பிரிந்து தெரிந்தால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குழந்தைக்கு விளங்கும். கதையில் காகத்தின் வேலையே பார்ப்பதுதான். முழுக் கறுப்பில் வரைந்திருந்தால் கண்ணை வெள்ளைப் புள்ளியாகப் பெரிதாக்கி, சிரிக்கும் அலகு வைத்து, கேலிச்சித்திரக் காகம் ஒன்றைச் செய்திருக்க வேண்டியிருக்கும். வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் நின்று பார்த்ததில் அந்தத் தேவை நீங்கியது.

ஏப்ரல் 7 – கருமைக்கோடு

கோயிலைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இன்று நிழல். இந்த வாரத்தில் எழுதாவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், அதனால் முறை மாறி முன்னால் வருகிறது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வோர் ஊராகக் கடக்கிறது. கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வடக்கில் இருப்பதால் இந்த நாட்களில்தான் இங்கே உச்சி வெயிலில் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். கம்பத்துக்கு நிழலே இருக்காது. மனிதர்களுக்கு மூக்குக்குக் கீழும் நாடிக்குக் கீழும் மட்டும் கறுப்பு. செப்டெம்பர் தொடக்கத்தில் இது மறுபடி ஒரு தடவை நடக்கும்.

மேற்கு நாட்டுக் கதைப் புத்தகங்களைப் பார்த்து வரையப் பழகியவர்களின் படங்களில் நிழல் எப்போதும் பக்கவாட்டில் நீண்டு, நீலம் கலந்து, மென்மையாக விழுகிறது. அந்த நாடுகளில் சூரியன் தாழ்ந்து நிற்பதால் அது அங்கே உண்மை. நம் அம்மம்மாமார் பதினொரு மணிக்குக் கோயிலிலிருந்து வெளியே வரும்போது அப்படி ஒரு நிழலை வரைந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே அந்த இடம் வேற்றூர் ஆகிவிடும். நான் இந்தக் கதையின் தேடலை உச்சி வெயிலில் வைத்துவிட்டேன். வெறுங்காலுடன் சுடும் தரையில் நிற்கும் அம்மம்மா நிழலைத் தேடுகிறார், நிழலோ அவருடைய காலுக்குக் கீழேயே இருக்கிறது. எழுத்தாளரிடம் காட்டினேன், "இது கதையில் இல்லையே" என்றார், பிறகு சிரித்தார்.

மாலை வெளிச்சம் தேவைப்பட்டால் அதற்கும் எங்கள் பகுதி வசதியானது. வெள்ளவத்தை ஒழுங்கைகள் காலி வீதியிலிருந்து மேற்கே நேராகக் கடலை நோக்கி இறங்குகின்றன. ஐந்தரை மணிக்கு வெளிச்சம் ஒழுங்கையின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனை வரை தடையில்லாமல் வரும். சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி நீடிக்காது. வண்ணத்தை வீட்டுக்கு வந்து நினைவிலிருந்துதான் வைக்க வேண்டும்.

ஏப்ரல் 8 – கருமைக்கோடு

இணையப் படங்களைப் பார்ப்பது குற்றமா என்று ஒருவர் கேட்டிருந்தார். குற்றம் இல்லை. முச்சக்கரவண்டியின் பின்சில்லு எங்கே பொருந்துகிறது, தையல் இயந்திரத்தில் நூல் எந்த வழியாக ஓடுகிறது என்பவற்றுக்கு நானும் புகைப்படங்களைத் தேடுகிறேன். மற்றோர் ஓவியர் வரைந்ததை மட்டும் வேலை நடக்கும் காலத்தில் பார்ப்பதில்லை. அவர் எதை விடுவது என்று ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார். அதைப் பார்த்து வரைந்தால் அவர் விட்டதை நானும் விடுவேன், விட்டது என்னவென்றுகூட எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 16 – கருமைக்கோடு

புதுவருடம் முடிந்தது. கோயிலைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

கதையில் வெறும் "கோயில்" என்றிருந்தது. கொழும்பில் தேர்வுக்குப் பஞ்சம் இல்லை. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களில் வண்ணம் நிறைந்த கோபுரம் உண்டு. பக்கம் நிரம்பிவிடும், குழந்தைக்கும் பிடிக்கும். ஆனால் செருப்பைத் தேடும் கதைக்குத் தரையும் படிகளும் தூண்களின் அடிப்பாகமும்தான் மேடை. ஆகவே கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எடுத்தேன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்த கோயில் அது. உள்ளே நுழைந்ததும் வெயில் அணைந்து, கல்லின் குளிர்ச்சி காலில் ஏறும். வெளியே கண் கூசும் வெள்ளை, உள்ளே சாம்பலும் கறுப்பும் விளக்கின் மஞ்சளும்: இந்த ஒரு வேறுபாட்டிலேயே நூலின் வண்ணத் திட்டம் முழுவதும் அமைந்துவிட்டது. உள்ளே நடக்கும் பக்கங்களுக்கு மஞ்சளும் மையும் மட்டும், வெளியே நடக்கும் பக்கங்களுக்கு மற்ற நிறங்கள்.

உட்பகுதியில் படம் எடுப்பது எனக்கு ஒவ்வாது. கும்பிட வருபவர்களுக்கு நடுவே கொப்பியை விரித்து வைத்துக்கொள்வதும் சரியில்லை. ஆகவே பார்த்துவிட்டு, தெருவுக்கு வந்து, தேநீர்க் கடையில் இருந்து வரைந்தேன். இதை இடையூறு என்று முதலில் நினைத்தாலும் இப்போது வேண்டுமென்றே செய்கிறேன். பத்து நிமிடம் கழித்து வரையும்போது தூணின் சிற்பங்களில் முக்கால்வாசி மறந்துபோகும். எஞ்சுவது தூணின் பருமனும் அதன் பக்கத்தில் நின்ற மனிதரின் சிறுமையும். கதைக்குத் தேவை அந்த இரண்டும்தான்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆனந்த விகடனில் வரைந்த சில்பி, கோயில்களிலேயே இருந்து, சிற்பத்தின் ஒவ்வோர் அணியையும் எண்ணிக் கோடிட்டவர். அவருக்குச் சிற்பமே பொருள், அதை மறப்பதற்கு அவருக்கு உரிமை இல்லை. எனக்குச் சிற்பம் பின்னணி. எந்த முறை உயர்ந்தது என்ற வாதத்தை இங்கே யாரும் தொடங்க வேண்டாம்.

ஏப்ரல் 17 – கருமைக்கோடு

கோயில் வாசலில் குவிந்திருக்கும் செருப்புகளை நின்று வரைந்த அனுபவத்தைக் கேட்டவருக்கு: செருப்புக் குவியலை நீண்ட நேரம் உற்றுப் பார்க்கும் பெண்ணைப் பற்றி மக்கள் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள். பூக்கடை அம்மா ஒருவர் "பிள்ளை, உம்முடையது எது?" என்று மூன்று தரம் கேட்டார். அம்மம்மாவின் செருப்பு நீல வார் வைத்த பாட்டா. அந்தக் குவியலில் அதே நீல வாருடன் ஏராளம் இருந்ததால் கதையின் சிக்கல் தானாகக் கூர்மையானது.

மே 2 – தெஹிவளை வாசகர்

அக்கா, எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு சந்தேகம். கேள்வியோடு வெளியே போனால் அந்தக் கேள்விக்கு உரியது மட்டும்தானே கண்ணில் படும்? கேட்கத் தெரியாத ஒன்று எப்படி வரும்? மேலும், நீங்கள் கொழும்புக்காரர் எவரையும் சான்றாகக் காட்டவில்லை.

மே 3 – கருமைக்கோடு

தம்பி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். சான்றுகளை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அவற்றில் பாதி உங்கள் பக்கம் நிற்கின்றன.

சிபில் வெத்தசிங்க காலிக்கு அருகிலுள்ள கிந்தோட்டையில் 1927இல் பிறந்து, ஆறு வயதளவில் கொழும்புக்கு வந்துவிட்டவர். 2020இல் மறையும் வரை அவர் வரைந்த சிறுவர் நூல்களில் பெரும்பாலும் அந்த முதல் ஆறு ஆண்டுகளின் கிராமம்தான் இருக்கிறது. கேலிச்சித்திரக்காரர் சிரித்திரன் சுந்தர் தமது நகைச்சுவை இதழைக் கொழும்பில் தொடங்கியவர். அவர் படைத்த பாத்திரமான சவாரித்தம்பரோ தலை முதல் கால் வரை யாழ்ப்பாணத்தவர். ஆகவே ஊர் நினைவு ஒரு பெரிய வைப்பு என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் இருவரும் அந்த ஊரில் இருந்துகொண்டு மட்டும் வரையவில்லை என்பதையும் பாருங்கள். தூரமும் அவர்களுக்கு உதவியிருக்கிறது என்று நினைக்கிறேன். தேநீர்க் கடையில் எனக்குப் பத்து நிமிடம் செய்ததை அவர்களுக்குப் பல ஆண்டுகள் செய்திருக்கும்.

மறுபக்கத்துக்கு ஒப்ரி கொலெட். 1943இல் கொழும்பில் உருவான '43 குழு என்ற ஓவியர் அமைப்பில் ஒருவர்; இந்நகரத்துப் பத்திரிகைகளில் அரசியல் கேலிச்சித்திரம் வரைந்தவர். அவருக்கு வயலும் குளமும் தேவைப்படவில்லை, அரசியல்வாதிகளின் முகங்களே போதுமாயிருந்தன. அந்தக் குழுவினரின் படங்களைப் பார்க்க விரும்பினால் பார்ன்ஸ் பிளேசில் அக்குழுவின் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு சபுமல் நிறுவனமாக இருக்கிறது. நான்காம் மாடியிலிருந்து இறங்குவதற்கு நல்ல காரணம்.

இனி உங்கள் முதற் கேள்வி. ஏப்ரல் 4ஆம் திகதிக் குறிப்பில் கேள்விப் பட்டியலே ஊற்று என்று எழுதினேன். அதை இப்போது குறுக்கிக்கொள்கிறேன்: பட்டியல் வேலையைத் தொடக்கி வைக்கிறது, அதன் எல்லைக்குள்ளேயே நின்றால் படம் விடைத்தாள் ஆகிவிடும். இரண்டு கொப்பி வைத்திருக்கிறேன். ஒன்றில் கேள்விகள். மற்றதில் எதற்கும் பயன்படாதவை. பேரை வாவிக்கரையில் நின்ற கூழைக்கடா ஒன்று தன் அலகைத் தன் மார்பிலேயே சாய்த்துக்கொண்டு, கூட்டத்தில் தூக்கம் வந்த தலைவர் மாதிரி நின்றதை இரண்டாவது கொப்பியில் வரைந்தேன். கதையில் கூழைக்கடாவுக்கு இடமே இல்லை. சில வாரங்கள் கழித்து, தேடிக் களைத்த அம்மம்மா கோயில் படியில் இருக்கும் பக்கம் எந்த விதமாக வரைந்தும் உயிரில்லாமல் கிடந்தபோது, நாடியை மார்பில் புதைத்த அந்த நிலை அவருக்கு வந்து பொருந்தியது. அதை நான் தேடிப் போகவில்லை. தேட வேண்டும் என்றும் தெரிந்திருக்காது.

என் முதல் ஓவியக்கூடம் அப்பாவின் பணப்பை என்பதையும் இங்கே சொல்லலாம். 1979இல் வெளிவந்த ரூபாய்த் தாள் வரிசையை ஓவியர் லக்கி சேனாநாயக்க வடிவமைத்தார். பறவைகளும் மீன்களும் வண்ணத்துப்பூச்சிகளும் நிறைந்தவை. கையில் கசங்கும் சிறு தாளில் இவ்வளவு உயிர்களை நெருக்கி வைத்தும் மூச்சு முட்டாமல் வரையலாம் என்று அப்போது எனக்கு யாரும் விளக்கவில்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

மே 11 – கருமைக்கோடு

பக்கப் பிரிப்பு பற்றிப் பலர் கேட்டதால் இது. நடுவில் பின் அடித்த புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நான்கால் பிரிபட வேண்டும். அதனால் 16, 24, 32 என்று போகும். முதலில் ஒரு தாளில் தீப்பெட்டி அளவில் எல்லாப் பக்கங்களையும் கிறுக்கிப் பார்க்கிறேன். இந்தக் கட்டத்தில் முகம், விரல் எதுவும் கிடையாது. இருட்டுப் பக்கம் எது, வெளிச்சப் பக்கம் எது, வலப்பக்கத்தில் எதை மறைத்தால் குழந்தை தாளைப் புரட்டும் என்பது மட்டும். செருப்புக் காணாமற்போன செய்தி இடப்பக்கத்தில் விழுந்தால் கதை அங்கேயே தளர்ந்துவிடும். புரட்டியவுடன் வெறும் படி தெரிய வேண்டும்.

தேடும் காட்சிக்கு எழுத்தாளர் தந்தது ஒரே வரி: "அங்கும் இங்கும் தேடினார்கள்." இரண்டு பக்க விரிப்பு. ஒரு தடவை மட்டும் அவர்களை வரைந்தால் தேடல் நின்றுவிடுகிறது. கட்டம் கட்டிப் பிரித்தால் சித்திரக்கதை ஆகிவிடுகிறது. வழி நம் நாட்டு விகாரைச் சுவர்களில் இருந்தது. கண்டிக்கு அருகில் தெகல்தொருவ போன்ற இடங்களில், 18ஆம் நூற்றாண்டின் சுவரோவியர்கள் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளை நீண்ட கிடைப்பட்டைகளாக வரைந்தார்கள். ஒரே பட்டையில் ஒரே அரசன் மறுபடி மறுபடி வருவான். காட்சிக்கும் காட்சிக்கும் இடையில் ஒரு மரம் அல்லது ஒரு வாசல் நின்றால் போதும், நேரம் கடந்துவிட்டது என்று கண் ஏற்றுக்கொள்ளும். பின்னால் சிவப்பு, எங்கும் ஒரே சிவப்பு. நான் கோயிலின் தூண்களை அந்த மரங்களாக்கி, அம்மம்மாவையும் சிறுவனையும் ஒரே விரிப்பில் நான்கு தடவை வரைந்திருக்கிறேன். காகம் மட்டும் ஒரு தடவைதான், அது அசையவில்லை.

கொழும்பை விட்டுப் போக முடியாதவர்கள் பொரளைக் கோதமி விகாரைக்குப் போகலாம். அங்கே ஓவியர் ஜோர்ஜ் கீற் புத்தர் வரலாற்றைச் சுவரில் வரைந்திருக்கிறார். மேற்சொன்ன பட்டைகளின் முறை வேறு, அவருடைய முறை வேறு. உருவங்கள் பெரியவை, தூக்கலான கோடே உடலின் எடையைத் தாங்குகிறது. நிழற்பூச்சை நம்பிப் பழகியவர்கள் அந்தச் சுவருக்கு முன்னால் சிறிது நேரம் இருக்க வேண்டும்.

மே 12 – கருமைக்கோடு

கணினியிடம் சொன்னால் இதெல்லாம் ஒரு நிமிடத்தில் வருமே என்று எழுதியவருக்கு: கேட்டுப் பார்த்தேன். அம்மம்மாவின் சேலைக்குத் தலைப்பு இரண்டு தோளிலும் இருந்தது. நிழல் இடப்பக்கமாக நீண்டிருந்தது.

மே 24 – கருமைக்கோடு

நேற்று வெசாக். கூட்டத்தில் நசுங்கி நடந்து தோரணங்களைப் பார்த்து வந்தேன். தமிழ் ஓவியர்கள் இதை மின்விளக்கு வேடிக்கை என்று தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தெருவோரத்தில் கட்டப்படும் மாபெரும் கதைப்படம் அது. ஜாதகக் கதை ஒன்றைத் தேர்ந்து, காட்சிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிப் பலகையில் வரைந்து, நடுவில் புத்தரை வைத்து, சுற்றிலும் பல்லாயிரம் குமிழ்களைப் பொருத்துகிறார்கள். ஒலிபெருக்கியில் கதையைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டே போக, கூட்டம் பலகை பலகையாகப் பார்த்துச் செல்கிறது. ஒளி ஓடுவதற்குப் பழைய முறையில் ஓர் உருளையைச் சுழற்றி, அதில் பதித்த உலோகப் பட்டைகளால் சுற்றுகளை மாற்றி மாற்றி இணைப்பார்கள்.

பலகைகளை அருகில் பார்த்தால் வரைவு முரடாக இருக்கும். தூரத்திலிருந்து, தோள்களுக்கு மேலாக, அரைநிமிடத்தில் விளங்க வேண்டிய படம் அது. ஆகவே கை உயர்ந்தால் முழுதாக உயர்ந்திருக்கும், அழுதால் முழு உடலும் அழும். நான் வரைந்த தேடல் விரிப்பை வீட்டுக்கு வந்து அறையின் மறுமுனையில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். நான்கு அம்மம்மாக்களில் இருவர் தேடுகிறார்களா, கும்பிடுகிறார்களா என்று தெரியவில்லை. அந்த இருவரின் இடுப்பையும் நன்றாக வளைத்து மறுபடி வரைகிறேன். எட்டு வயதுப் பெறாமகள் அருகில் நின்று "இப்பதான் முதுகு நோகுது" என்றாள், அந்த அளவில் நிறுத்தியிருக்கிறேன்.

மே 27 – கருமைக்கோடு

கடதாசி பற்றிக் கேட்ட மூவருக்கும் ஒரே பதில்: 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள். தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டது. இந்த ஈரத்தில் அதைவிட மெல்லியது நெளிகிறது, மையும் ஆறுவதற்கு நேரம் கேட்கிறது. முடிந்த தாள்களை நெகிழி உறையில் அடைத்து வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

பதிப்பாளர் இன்று காலை கதைத்தார். அதே படங்களுடன் சிங்களப் பதிப்பும் வருமாம். மகிழ்ச்சி, ஆனால் வேலை கூடிவிட்டது. அச்சில் சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்று நிறத்துக்கு ஒன்றாக நான்கு தகடுகள். இரண்டு மொழிப் பதிப்பு என்றால் எழுத்து முழுவதையும் கறுப்புத் தகட்டில் தனியாக வைத்து, அந்த ஒன்றை மட்டும் மாற்றி அச்சடிப்பார்கள், செலவு குறையும். நானோ கோயில் தெருவின் கடைப் பலகைகளில் தமிழ் எழுத்துகளை வண்ணத்திலேயே வரைந்து வைத்திருக்கிறேன். கொழும்பில் உள்ளபடி மூன்று மொழியிலும் எழுதலாம் என்றால், உள்ளங்கை அளவுப் பலகையில் மூன்று வரி புழுக்கூட்டமாகத் தெரிகிறது. எழுத்தை முழுவதும் நீக்கினால் தெரு ஊமையாகிவிடும்.

இப்போதைக்குக் கண்ணாடிக் கடைக்குக் கண்ணாடி, சலூனுக்குக் கத்தரிக்கோல், நகைக் கடைக்கு அட்டியல் என்று பலகைகளில் பொருளையே வரைந்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். செருப்புக் கடை ஒன்றும் அந்தத் தெருவில் வரப்போகிறது; அது பிரதியில் இல்லை, எழுத்தாளரிடம் இன்னும் கேட்கவும் இல்லை.